பூனைக்குக் கொஞ்சம் மண்

முல்லை அரும்புக்கு வெருகின் பல்லை உவமை சொன்னார்கள் சங்கப் புலவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல், எலி, அணில் முதலியவற்றோடு வெருகையும் சேர்த்து, அவற்றின் இளமைப் பெயர் 'குட்டி' என்று வகுத்தது. பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையைத் தன் அவையடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான் கம்பன். பூனையின் பல்லும் குட்டியும் பசியும் இவ்வாறு தமிழில் இடம்பெற்றுவிட்டன. தின்றபின் அது எங்கே போகிறது என்பதை எவரும் எழுதியதாக எங்கள் கண்ணில் படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அன்று இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. இன்று தேவை வந்திருக்கிறது. அற்ப விஷயம் என்று ஒதுக்க முடியாதபடி, அதில் சில உயிர்களும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த சிற்றூர்களில் இது வழக்கமாக நடப்பது. எங்கிருந்தோ வந்த வளர்ந்த பூனையொன்று ஒரு வீட்டை அண்டுகிறது. முதலில் வாசலில் நிற்கிறது. பிறகு மீன் கழுவும் நேரத்துக்குத் தவறாமல் வருகிறது. மழைக்காலம் தொடங்கியதும் உள்ளே வந்து படுத்துவிடுகிறது. வீட்டிலுள்ளோர் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்தோ கட்டிலின் அடியிலிருந்தோ நாற்றம் வருகிறது. இரண்டாம் முறை வந்ததும் பேச்சு மாறுகிறது. மூன்றாம் முறை சாக்கு எடுக்கப்படுகிறது. சங்கராபரணிப் பாலத்துக்கு அப்பாலோ, ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ, மீன் சந்தைக்குப் பின்னாலோ சாக்கின் வாய் அவிழ்க்கப்படுகிறது. 'குட்டியாக இருந்தால் பழக்கலாம், வளர்ந்த பூனையை எப்படிப் பழக்குவது?' என்பதே எல்லா வீட்டிலும் சொல்லப்படும் சமாதானம்.

இந்தச் சமாதானம் பொய் என்பதே எங்கள் கட்சி. வளர்ந்த தெருப்பூனைக்கு இந்த விஷயத்தில் கற்பிக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதற்கு வேண்டியது இரண்டு: கொஞ்சம் மண், அதை நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்ய ஒரு கை. முதலாவதை நாம் அதனிடமிருந்து பறித்துவிட்டோம். இரண்டாவதைக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

முதலில் பூனையின் பக்கத்தைப் பார்ப்போம். வீட்டுப் பூனைகள் யாவும் மேற்காசியப் பகுதியின் காட்டுப்பூனையிலிருந்து வந்தவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் மனிதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புகள், 2004இல் வெளியான கண்டுபிடிப்பின்படி, ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழையவை. வறண்ட நிலத்தில் உருவான இந்த விலங்கு குறைவாகத் தண்ணீர் குடிக்கிறது. ஆகவே அதன் சிறுநீர் அடர்த்தியானது, நாற்றமும் கூடியது. இளகிய மண்ணைக் கிளறிக் குழியாக்கி, கழித்து, மூடிவிட்டுப் போகும் வழக்கம் அதன் உடம்போடு பிறந்தது. நாய்க்குட்டியை வெளியே போகப் பழக்குகிறோமே, அது உண்மையிலேயே பழக்கம். பூனைக்கு அப்படியொரு பாடம் தேவைப்படுவதில்லை. காலடியில் பொலபொலவென்ற ஏதாவது கிடைத்தால் அதன் முன்னங்கால்கள் தாமே வேலையைத் தொடங்கிவிடும்.

இதற்குச் சான்று தேடி எங்கும் போகவேண்டாம். வில்லியனூரைச் சுற்றிய தெருக்களில் வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்திருக்கும் மணற்குவியலைக் காலையில் போய்ப் பாருங்கள். இரவு வந்துபோன பூனைகளின் கணக்கு அதில் எழுதியிருக்கும். கொத்தனார் மண்வெட்டியைப் போட்டதும் வசைபாடுவது அதனால்தான். பாகூர்ப் பக்கத்து விவசாயி வீடுகளில் இதைவிட வயிற்றெரிச்சலான காட்சி உண்டு. அறுவடை முடிந்து திண்ணையிலோ கூடத்திலோ குவித்துவைத்த நெல்லில் பூனை போய்விடும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற ஊரில், விளைந்த நெல்லை இப்படிப் பாழாக்கும் பிராணிமேல் கோபம் வருவது இயற்கை. பூனையின் கணக்கோ வேறு. அதன் பாதத்துக்கு நெல்லும் மணலும் ஒன்று: இளகிய, தோண்டத்தக்க, மூடத்தக்க பொருள். அசிங்கம் செய்யவேண்டும் என்று அது நெல்லைத் தேடவில்லை. சுத்தமாக இருக்க இடம் தேடி, சிமெண்ட்டுக்கு நடுவே அகப்பட்ட ஒரே 'மண்'ணில் இறங்கியிருக்கிறது.

சிமெண்ட் என்றதும் கொல்லையைப் பற்றிப் பேசாமல் முடியாது. நம் ஊர்களில் மலம் கழிக்கப் போவதற்கே 'கொல்லைக்குப் போவது' என்றுதான் பெயர். மனிதரும் பூனையும் ஒரே திசையில் போய்வந்த காலத்தின் சொல் அது. பிறகு மனிதர்களுக்கு வீட்டுக்குள்ளேயே அறை வந்தது. 2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம், கிராமத்து வீட்டுக் கழிப்பறை ஒவ்வொன்றுக்கும் 12,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. வளர்ந்த மனிதர்களை, அறுபது எழுபது வயதுக்காரர்களையும் சேர்த்து, பழைய வழக்கத்திலிருந்து மாற்ற ஓர் அரசாங்கம் விளம்பரமும் பிரசாரமும் பணமும் செலவழிக்க வேண்டியிருந்தது. கட்டிக் கொடுத்த கழிப்பறையை விறகு போட்டுவைக்கும் அறையாக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அது ஒருபுறமிருக்க, அதே காலத்தில் கொல்லை குறுகியது. பாதி மனையாக விற்கப்பட்டது. மீதிக்குத் தரை போடப்பட்டது. வாசலில் சாணம் தெளித்த மண்ணும் போயிற்று, டைல்ஸ் வந்தது. மனிதர்களுக்கு மாற்று ஏற்பாடு ஆனது. பூனைக்கு எதுவும் ஆகவில்லை. அதன் கழிப்பறையை இடித்துவிட்டு, அதற்கு ஒழுக்கம் போதவில்லை என்று சொல்வது எந்த நியாயம்?

இந்தப் பிரச்சினையை முதலில் சந்தித்தவர்கள் குளிர்நாட்டவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 1947 சனவரியில், பனியில் மணல் உறைந்துபோனதால் பூனைக்கு வைக்கச் சாம்பலைப் பயன்படுத்திய பெண்மணி ஒருவர், வீடு முழுவதும் கரிக்கால் தடம் பதிவதைத் தாங்காமல், பக்கத்திலிருந்த எட்வர்ட் லோ என்பவரிடம் மணல் கேட்டார். தொழிற்சாலைகளில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான பொருட்களை விற்றுவந்த குடும்பம் அவருடையது. அவர் மணலுக்குப் பதிலாக உலர்ந்த களிமண் பருக்கைகளைக் கொடுத்தார். நம் பெண்கள் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்த மண் அது. 'கிட்டி லிட்டர்' என்ற பெயரில் அது பெருவணிகமாயிற்று. 1980களில் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் பெண்டோனைட் களிமண் வந்தது. இப்போது நம் ஊர்க் கடைகளிலும் பை பையாக விற்கிறார்கள். பெண்டோனைட் குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கும் மண். ஆக, பனி பெய்த ஊரில் உறைந்த மணலுக்கு மாற்றாகப் பிறந்த சரக்கை, ஒருநாளும் மணல் உறையாத ஊரில் ஒருநாள் கூலியைக் கொடுத்து வாங்குகிறோம். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். அது நல்ல பொருள்தான். வாங்க முடியாதவர்கள், அதனாலேயே பூனை வளர்க்கத் தகுதியற்றவர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

இனி எப்படிச் செய்வது என்பது. இதைக் கட்டுரையில் எழுதுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று கருதும் நண்பர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம் ஒன்று வேண்டும். பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் அது உள்ளே திரும்பி நிற்க முடியும். ஓரம் உடைந்த பிளாஸ்டிக் டப் போதும். வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூர்ப் பெருமைக்காக மண்தட்டையே வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மெருகிடாத சுடுமண் சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை கழுவினாலும் நாற்றம் போகாது. அந்த டப்பில் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும். எந்த மண் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பூனை இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்ததோ அந்த இடத்து மண்ணையே அள்ளி வரவேண்டும், அதன் வாசனை கொஞ்சம் கலந்திருக்கும்படி. கடைச் சரக்கை எடுத்த எடுப்பில் கொட்டிவைத்தால், வளர்ந்த பூனைக்கு அது என்னவென்றே புரியாது. தன் மண்ணை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

பிறகு பூனையை ஒரு சிறிய அறையில், சில நாட்களுக்கு, அதிகம் போனால் இரண்டு வாரத்துக்கு வைத்திருக்க வேண்டும். தண்ணீரும் உணவும் ஒரு மூலையில். மண் டப் எதிர்மூலையில். உண்ணும் இடத்தருகே கழிக்க எந்தப் பூனையும் சம்மதிக்காது, நாமும் சம்மதிப்பதில்லை. ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. ஆள் நடமாட்டமும் மிக்ஸிச் சத்தமும் இல்லாத இடம். உணவை நேரம் தவறாமல் வைத்தால் கழிப்பும் நேரம் தவறாமல் நடக்கும். அவ்வளவுதான் பயிற்சி. எங்களுள் மூவர் வீடுகளில், வில்லியனூர்ப் பக்கம் இரண்டும் பாகூர்ப் பக்கம் ஒன்றுமாக, முழுக்க வளர்ந்த மூன்று தெருப்பூனைகள் இப்படி வந்து சேர்ந்தன. ஒன்று முதல் இரவே டப்பைக் கிளறியது. இன்னொன்று மூன்றாம் நாள். காது கிழிந்த கிழட்டுக் கடுவன் ஒன்று மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. மூன்று பூனைகளை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனால் 'முடியவே முடியாது' என்ற விதியை உடைக்க ஒரு பூனை போதும்.

பழகியபின் மண்ணை மெல்ல மாற்றலாம், வாரத்துக்குக் கால்பங்கு என்ற அளவில். ஆற்று மணல் தோண்ட எளிது, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைக்காது. அடியில் செய்தித்தாள் விரித்து, அதை அடிக்கடி மாற்ற வேண்டும். எம்-சாண்ட் என்றால் சலித்துத் தூசி நீக்கித்தான் போடவேண்டும். பாகூரைச் சுற்றி ஆலைகளில் உமி கிடைக்கும். அது லேசானது, இறைபடும், தனியாக ஈரத்தையும் அதிகம் உறிஞ்சாது. மண்ணோடு கலந்தால் பாரம் குறையும் என்பதே அதன் பயன். உமிச்சாம்பல் நாற்றத்தை அடக்கும், ஆனால் 1947இல் அந்த அமெரிக்கப் பெண்மணி பட்ட பாட்டை நாமும் படவேண்டியிருக்கும். மரத்தூள் நல்லது, ரசாயனம் பூசாத மரத்தினுடையதாக இருந்தால். எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றிலும் மேலானது தென்னை நார்க்கழிவு. அது தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும்; தென்னை இல்லாத ஊரும் இங்கில்லை. கொல்லை மிச்சமிருக்கும் வீட்டார்க்கு இவை எதுவுமே தேவையில்லை. நிழலான ஒரு மூலையில், மூன்றடிக்கு இரண்டடி மண்ணைக் கொத்தி இளக்கி, நாலு கூடை மணலைக் கொட்டிவிட்டால் பூனை அங்கே போய்விடும். நெற்குவியலும் கீரைப்பாத்தியும் தப்பும்.

செய்யக்கூடாதவையும் சில உண்டு. பூனையின் மூக்கை அதன் அசிங்கத்தில் தேய்ப்பது பரம்பரை வைத்தியம்போல் நடக்கிறது. அதனால் பூனை கற்பது ஒன்றுதான்: இந்த மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது. அடுத்த முறை இன்னும் மறைவான இடத்தைத் தேடும். போன இடத்தில் பினாயில் ஊற்றுவது அதைவிட மோசம். ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பினாயில் தரையில் நடந்து பாதத்தை நக்கினால் அது விஷம். மூலைக்கு மூலை போட்டுவைக்கும் அந்துருண்டையும் அப்படியே. ப்ளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் அமோனியாவோடு சேர்த்தால் எழும் வாயு நமக்கே ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, வெயிலில் காயவிட்டால் போதும். நம் ஊர் வெயிலுக்கு நிகரான மருந்து எந்தப் புட்டியிலும் இல்லை.

பழகிய பூனை திடீரென்று டப்பைவிட்டு வெளியே போனால் அது குணக்கேடு அல்ல, செய்தி. டப் அழுக்காக இருக்கலாம். வீட்டில் இன்னொரு பூனை வந்திருக்கலாம். இரண்டு பூனைக்கு மூன்று டப் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் கணக்கு. நின்றபடி சுவரில் பீய்ச்சுவது எல்லை குறிக்கும் செயல். அதற்கும் கழிப்பறைப் பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்களிடம் அது நின்றுவிடும். ஒன்றை மட்டும் யாரும் மறக்கவேண்டாம்: ஆண்பூனை டப்பில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே கொண்டுபோக வேண்டும். குருமாம்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூர்க்காரர்களுக்குத் தொலைவில்லை. மாட்டுக்கு மட்டுமே கால்நடை மருத்துவர் என்ற நினைப்பை நாம் விடவேண்டும். பிடிக்கும்போது பூனை கடித்தாலோ கீறினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அதில் துணிச்சல் காட்ட இடமில்லை.

இதுவரை சொன்னவை பூனையைப் பற்றியவை. இனி மனிதரைப் பற்றி. சிக்கலே இங்கேதான்.

டப்பிலிருப்பதை நாளுக்கு ஒருமுறையாவது அள்ள வேண்டும். பழைய ஜல்லிக்கரண்டி ஒன்று போதும். அது சமையலறைக்குத் திரும்பாமல் பார்த்துக்கொண்டால் சரி. இரண்டு நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் பூனைகள் சாக்கில் போகின்றன என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். 'பழகவில்லை' என்று கைவிடப்படும் பூனைகளில் பல, பழகிய பூனைகள்தாம். இரண்டு நாள், மூன்று நாள் அள்ளாமல் கிடந்த டப்பில் கால்வைக்க மறுத்து வேறிடம் தேடியவை. நிரம்பி வழியும் பொதுக் கழிப்பறையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவரும் நாம், அதே காரியத்தைப் பூனை செய்தால் குற்றம் என்கிறோம்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடிப் பேசினவாம். நம் வீடுகளில் எழும் கேள்வி, அள்ளுவது யார் என்பது. பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுவது வீட்டுத்தலைவரும் பிள்ளைகளும்; அள்ளுவது அம்மா. அம்மா வேலைக்குப் போகும் வீடென்றால், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணிடம் 'அதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்' என்று சொல்லப்படுகிறது. அதற்குத் தனிக்கூலி பேசப்படுவதில்லை. பேசினாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் எண்ணம் மாறாது. மலத்தைத் தொடுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அது. கையால் மலம் அள்ளும் பணியில் மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொன்று என்று இரண்டு சட்டங்கள் இயற்றிய நாடு இது. சட்டம் பேசுவது மனித மலத்தைப் பற்றி. ஆனால் அருவருப்பைக் கைமாற்றிவிடும் வழக்கம், பூனையின் டப் வரை வந்து நிற்கிறது. 'என்னால் முடியாது, நாற்றம்' என்று சொல்லும் ஆண்மகனுக்கு மூக்கில் ஒரு குறையும் இல்லை. அவருக்குப் பழக்கமில்லாதது, தன் வீட்டில் தன் விருப்பத்துக்கு வந்த உயிரின் கழிவைத் தன் கையால் அள்ளுவது.

இதில் மருத்துவக் காரணமும் சேர்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, முதன்முறை தொற்றுக் கண்ட பூனையின் மலத்தில் ஒன்று முதல் மூன்று வாரம் வரை வெளியேறும். கர்ப்பிணிக்கு அது புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கெடுதி. இதைக் கேட்டதும் 'மருமகள் உண்டாகியிருக்கிறாள், பூனையைத் துரத்து' என்கிறார்கள். ஆனால் மலத்தில் வெளியேறிய கிருமி தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு நீங்கிவிடும். கர்ப்பிணி அள்ளக்கூடாது, அவ்வளவே. வேறொருவர் அள்ள வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் வழியாகவும் இதே தொற்று வரும். அவற்றுக்காக யாரும் சமையலறையைச் சாக்கில் கட்டுவதில்லை. அள்ளியதைக் கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். வாய்க்காலில் எறியக்கூடாது, பெண்டோனைட்டைக் கழிப்பறையில் கொட்டினால் ஊதிப்போய்க் குழாயை அடைத்துவிடும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. 'பூனை சுதந்திரப் பிராணி, அதை எதற்கு அறைக்குள் அடைப்பது?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எலி பிடிக்கும் பூனை வயலுக்கும் களத்துக்கும் வேண்டியதே. அது வெளியே திரியட்டும். ஆனால் விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இந்தப் பகுதி வயல்களின் ஊடே ஓடுகிறது. இரவில் அதைக் கடக்கும் பூனையின் சுதந்திரம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? வில்லியனூரை ஒட்டிய ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வீட்டுக்குள் உறங்கும் பூனை அங்குள்ள குஞ்சுகளுக்கும் நல்லது. 'மனிதருக்கே வழியில்லாதபோது பூனைக்கு என்ன?' என்ற கேள்வியையும் மதிக்கிறோம். அந்தக் கேள்வி பணம் செலவாகும் இடத்தில் எழவேண்டியது. ஒரு டப் மண்ணுக்கும் இரண்டு நிமிடத்துக்கும் அது பொருந்தாது. எல்லாரும் பூனை வளர்க்க வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வேண்டாமென்றால் முதல் நாளே மீன்தலையைப் போடாமல் இருந்திருக்கலாம். ஆறு மாதம் சோறு போட்டு, பெயர் வைத்து, நம்பவைத்தபின் சாக்கில் கட்டுவதையே எதிர்க்கிறோம். பசியாலும் தாகத்தாலும் வாட நேரும் சூழ்நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படியே குற்றம். சந்தைக்குப் பின்னால் சாக்கை அவிழ்ப்பவருக்கு இது தெரியாது. தெரிந்தாலும், பூனைக்காக யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்ற தைரியம் உண்டு.

சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்துவது எங்கள் நோக்கமல்ல. மனிதரோடு ஒட்டி வாழ்ந்து ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் கழிவைத் தானே மூடிவிட்டுப் போகும் ஒரு பிராணிக்கு, நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. மண்ணை மூடியது நாம். ஒரு டப் அளவுக்கேனும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நாமே. அள்ளுவதைக் கேவலம் என்று கற்றது நம் கை. அதைத்தான் பழக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு ஒன்பது நாள் போதுமாயிருந்தது. வளர்ந்த மனிதருக்கு எத்தனை நாள் என்பது அவரவர் வீட்டில் தெரியும். சாக்கைத் தேடி எழுகிறவர்கள், அதே சாக்கில் முதலில் நான்கு படி மண்ணை அள்ளி வரட்டும். இரண்டு வாரம் கழித்தும் பூனைமேல் குறை இருந்தால், அப்போது பேசலாம்.